அம்மை, அழகு, தோல்

தொல்காப்பியச் செய்யுளியலில் எண்வகை வனப்பு நடத்திக்கொண்டிருந்தேன். முதுகலை வகுப்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய மணி. அம்மை, அழகு, தொன்மை, தோல் என்று கரும்பலகையில் எழுதும்போதே பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. "மேம், அம்மை வந்தா அழகு போயிரும்ல. அடுத்தாப்ல தோல் வேற வருது" என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இங்கே அம்மை என்பது சில மெல்லிய சொற்களால் சுருக்கமாக அமையும் செய்யுளின் வனப்பு, தோல் என்பது விரிந்த சொற்களால் நீண்டு நடப்பது என்று விளக்கிவிட்டு மேலே போனேன்.

மணி அடித்து எல்லோரும் போன பிறகும் பலகையை அழிக்க எனக்குக் கை வரவில்லை. அந்தப் பிள்ளை விளையாட்டாகச் சொன்ன வாக்கியம் எங்கள் வீட்டில் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கை.

என் அம்மாவின் அக்காவை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அவர் முகமெங்கும் குழிகள். இடது கண்ணில் பார்வை கிடையாது, வெள்ளை படர்ந்திருக்கும். மூன்று நான்கு வயதில் தெருவில் யாரோ, "ஒங்க பெரியம்மாவுக்குப் பெரியம்மை வந்து அப்படி ஆயிருச்சு" என்று சொன்னபோது அந்த இரண்டு சொற்களும் எனக்கு ஒன்றாகவே கேட்டன. பெரியம்மாவாக இருப்பவர்களுக்கெல்லாம் முகம் அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். நல்லவேளை, நம் அம்மா சின்னவள் என்று ஆறுதல்பட்டதும் நினைவிருக்கிறது.

நோய்க்குத் தாயின் பெயரை வைத்த மொழி நம்முடையது. வைசூரி என்றும் ஒரு பெயர் உண்டு. ஆனால் வீட்டுக்குள் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள், முத்துப் போட்டிருக்கிறாள், அம்மா இறங்கிவிட்டாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. கொப்புளம் என்ற சொல்லே கிடையாது. பயத்தை மரியாதையாக மாற்றிக்கொள்ளும் இந்தப் பேச்சு வகுப்பில் இடக்கரடக்கலுக்கும் மங்கல வழக்குக்கும் எடுத்துக்காட்டாக எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது. ஆனால் எடுத்துக்காட்டு, வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது என்பதை நான் ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை.

*

சாத்தூர்ப் பக்கம் எங்கள் அம்மாச்சி வீடு. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வருகிறார் என்றால் கம்மாய்க்கரையில் ஆடு மேய்க்கும் பையன்கள் முன்னால் ஓடிவந்து சொல்லிவிடுவார்களாம். பிள்ளைகளைப் படப்புக்குப் பின்னாலும் குலுக்கைக்குள்ளும் ஒளித்து வைப்பார்கள். அம்மாச்சி தன் மூத்த மகளைக் குலுக்கைக்குள் இறக்கி மூடியை வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றுகொண்டது. சாமி கோபித்துக்கொள்ளும் என்ற பயம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பெரியம்மா ரொம்ப நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார்.

"பொட்டப்புள்ள கையில தழும்பு விழுந்துரும்னு ஆத்தா நினைச்சிருச்சு தாயி."

மறு வருஷம் கோடையில் அம்மை வந்தது. பெரியம்மாவுக்கு ஒன்பது வயது. அவருக்கு இளையவன், நான்கு வயதுத் தம்பி, பத்தாம் நாள் இறந்துபோனான். என் அம்மா அப்போது கைக்குழந்தை. அவளைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெரியம்மா பிழைத்தார். கையில் ஒரு தழும்பு விழக்கூடாது என்று ஒளித்த பிள்ளைக்கு முகமெல்லாம் விழுந்தது.

அம்மாச்சியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டில் அன்று நடந்ததைப் பெண்கள் சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன். வாசலில் வேப்பிலை செருகினார்கள். தாளிப்பு நிறுத்தப்பட்டது. வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது, வீட்டு ஆள் விசேஷ வீடுகளுக்குப் போகக்கூடாது. பாயில் வேப்பங்கொழுந்து பரப்பி அதன்மேல் பிள்ளையைப் படுக்க வைத்தார்கள். அரிப்பெடுத்தால் நகம் படாமல் வேப்பிலைக் கொத்தால் தடவினார்கள். இளநீர், மோர், நீராகாரம். ராத்திரியெல்லாம் மாரியம்மன் தாலாட்டு. மருந்தே இல்லாத ஒரு நோய்க்கு முன்னால், தனிமைப்படுத்துவதும் தண்ணீர் கொடுப்பதும் பக்கத்தில் விழித்திருப்பதும் தவிர அன்றைய எந்த மருத்துவமனையும் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது. அந்த மூன்றையும் பெண்கள் செய்தார்கள். வேப்பிலை வைரஸைக் கொல்லாது. அதை நான் என் மாணவிகளிடம் தெளிவாகவே சொல்வேன். ஆனால் விழித்திருந்தவர்களை மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லில் தள்ளிவிடவும் விடமாட்டேன்.

அம்மாச்சி இருக்கன்குடிக்கு நடந்தே போய் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தியது. மகளுக்குக் கண் திரும்பவில்லை. ஊரில், "அம்மா விளையாடின முகம், அந்தப் புள்ள கையால திருநீறு வாங்குனா நல்லது" என்றார்கள். அதே ஊரில் யாரும் பெண் கேட்டு வரவில்லை. சாமி விளையாடிய முகத்தைக் கும்பிடலாம், கட்டிக்கொள்ள முடியாது.

ஆண்களுக்கும் அம்மைத் தழும்பு இருந்தது. எங்கள் தெருவிலேயே இரண்டு மூன்று பேர். ஒருவர் டீக்கடை வைத்திருந்தார், ஒருவர் பஞ்சாயத்துப் பேசுகிற பெரிய மனிதர். இருவருக்கும் கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் இருந்தன. வைரஸ் ஆண் பெண் பார்க்கவில்லை. பார்த்தது நாம்.

பெரியம்மா பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார். கட்டை அடுக்கினார், வீட்டில் பெட்டி ஒட்டினார். ஒற்றைக் கண்ணில் அந்த வேலை எப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. நான் கல்லூரிக்குப் போன முதல் வருஷத்து விடுதிக் கட்டணம் அந்தப் பசைக் கையிலிருந்து வந்தது.

*

முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் நூலகத்தில் வேறு எதையோ தேடப் போய் இந்த நோயின் வரலாற்றில் சிக்கிக்கொண்டேன். பிறகு விடவில்லை. பெரியம்மை கண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்குத் தழும்பு, சிலருக்குப் பார்வை இழப்பு. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் இது சுமார் 30 கோடிப் பேரைக் கொன்றிருக்கும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. மனிதரைத் தாக்கும் தொற்று நோய்களில் உலகிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்டது இன்றுவரை இது ஒன்றுதான்.

பாடப்புத்தகத்தில் இந்த வரலாறு எட்வர்ட் ஜென்னர் என்ற ஒரு பெயரோடு முடிந்துவிடும். நான் படித்தபோது கண்ணில் பட்டவர்கள் வேறு ஆட்கள்.

முதல் ஆள் லேடி மேரி வோர்ட்லி மாண்டேகு. கவிஞர். 1713இல் அவர் தம்பி பெரியம்மையில் இறந்தார். 1715இல் அவருக்கே வந்தது. பிழைத்தார், இமை முடிகள் போயின, முகத்தில் தழும்பு விழுந்தது. அழகி என்று லண்டனில் பெயர் பெற்றிருந்தவர். அம்மையால் அழகை இழந்த ஒரு பெண் பேசுவதாக அவர் எழுதிய கவிதை இன்றும் கிடைக்கிறது. கணவர் தூதராகப் போனதால் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போனார். அங்கே கிழவிகள் இலையுதிர் காலத்தில் வீடு வீடாக வருவதைப் பார்த்தார். லேசாக அம்மை கண்டவரின் சீழைக் கொட்டை ஓட்டில் எடுத்துவந்து, ஊசியால் தோலைக் கீறி அதில் வைத்துக் கட்டுவார்கள். சில நாள் காய்ச்சல் அடிக்கும், பிறகு ஆயுளுக்கும் அம்மை வராது. இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. நூற்றுக்கு ஒருவர் இருவர் இறக்கவும் செய்வார்கள். ஆனால் நூற்றுக்கு முப்பது பேர் சாவதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ குறைவு. 1717இல் லேடி மேரி இதைத் தன் தோழிக்குக் கடிதமாக எழுதினார். (அந்தத் தோழி சில ஆண்டுகளில் இதே நோயில் இறந்துபோனார்.) 1718இல் தன் மகனுக்கு ஒரு கிரேக்கக் கிழவியைக் கொண்டு அதைச் செய்ய வைத்தார். 1721இல் லண்டனில் கொள்ளை பரவியபோது, மருத்துவர்கள் பார்த்திருக்கத் தன் மகளுக்கும் செய்ய வைத்தார். படிக்காத கிழவிகளின் கைமருந்து என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு.

அந்தக் கிழவியின் பெயர் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. வயதான கை ஒன்று, துருப்பிடித்த ஊசி ஒன்று. அவ்வளவே.

அடுத்தவர் சாரா நெல்ம்ஸ், பால் கறக்கும் பெண். மாட்டம்மை வந்த கைகளுக்குப் பெரியம்மை வராது என்பது பால் கறக்கிறவர்களுக்கு முன்பே தெரிந்திருந்த சேதி. 1796 மே 14 அன்று ஜென்னர் சாராவின் கைக் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து, தோட்டக்காரரின் மகனான எட்டு வயது ஜேம்ஸ் ஃபிப்ஸின் கையில் கீறி வைத்தார். ஜூலையில் அதே சிறுவனுக்குப் பெரியம்மைச் சீழை வைத்துப் பார்த்தார். நோய் வரவில்லை. 1798இல் அவர் வெளியிட்ட நூலில் சாராவின் கையை வண்ணப் படமாகவே போட்டிருக்கிறார். மணிக்கட்டு, விரல்கள், கொப்புளங்கள் எல்லாம் துல்லியம். கை மட்டும். முகம் இல்லை. அந்த மாட்டின் பெயர் பிளாஸம் என்பதும் அதன் தோல் லண்டனில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இருப்பதும்கூட நமக்குத் தெரிகிறது.

*

அந்தப் புதிய மருந்து இந்தியாவுக்குக் கையிலிருந்து கைக்குத்தான் வந்தது. குளிர்பெட்டி இல்லாத காலம். ஒரு குழந்தையின் கையில் வைத்து, எட்டு நாளில் பழுத்த கொப்புளத்திலிருந்து அடுத்த குழந்தைக்கு எடுப்பார்கள். இப்படியே பாக்தாத், பாஸ்ரா வழியாக வந்து, 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு வைத்தார்கள். இந்தியாவில் தடுப்பு மருந்து பிடித்த முதல் உடல் அது. அவள் கையிலிருந்து இன்னும் ஐந்து குழந்தைகளுக்கு. பிறகு புனே, ஹைதராபாத், இலங்கை, சென்னை. இந்தத் துணைக்கண்டத்தின் முதல் தடுப்பூசிகள் எல்லாம் அந்தச் சின்னக் கையிலிருந்து கிளைத்தவை. அவளைப் பற்றி மருத்துவர் விட்டுச்சென்ற குறிப்பு, அவள் நல்ல சுபாவமுள்ள பிள்ளை என்பது. அடம்பிடிக்காத பெண்பிள்ளை என்று பெயர் வாங்கி வரலாற்றில் நுழைந்தாள்.

1805 வாக்கில் தாமஸ் ஹிக்கி வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. நகைகளோடு மூன்று பெண்கள். வலது ஓரத்துப் பெண் முந்தானையைச் சற்றே விலக்கித் தன் மேற்கையைக் காட்டுகிறாள். ரொம்ப நாள் அவர்களை நடனப் பெண்கள் என்றே நினைத்திருந்தார்கள். அவர்கள் மைசூர் அரசியர், மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைப் பெண்கள் என்றும், அந்தக் கை காட்டுவது தடுப்பு மருந்து வைத்த இடத்தை என்றும் வரலாற்றாளர் நைஜல் சான்செலர் வாதிட்டார். இடது ஓரத்துப் பெண்ணின் மூக்கையும் வாயையும் சுற்றித் தெரியும் நிறமாற்றம், பழைய முறையில் அம்மைச் சீழ் வைத்துக்கொண்டதன் அடையாளம் என்பது அவர் வாசிப்பு. அரசனுக்கு மணமாகி வந்த பன்னிரண்டு வயதுப் பெண் தேவஜம்மணி. அவள் கையைப் பார்த்து மக்கள் நம்ப வேண்டும். தயக்கமுள்ள ஊருக்கு விளம்பரமாக ஒரு பெண்ணின் கை.

நம் ஊரிலும் இந்தச் சாதுரியம் நடந்தது. திருக்குறள் மொழிபெயர்த்த, திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று முதலில் எழுதிய எல்லிஸை நாம் பாடத்தில் கொண்டாடுகிறோம். சென்னைக் கலெக்டராக இருந்த அதே எல்லிஸ், மக்களைத் தடுப்பு மருந்துக்கு இணங்கவைக்க ஓர் உரையாடலைப் புனைந்தார். தன்வந்திரியும் சக்தியும் பேசிக்கொள்கிறார்கள். பசு தரும் ஐந்து பொருள்களோடு ஆறாவதாக இந்த மருந்தையும் அம்மனே அருளுவதாகக் கதை போகும். நோக்கம் நல்லது. ஆனாலும் அம்மனுக்கு வசனம் எழுதிக் கொடுத்தவரும் ஓர் ஆண் அதிகாரிதான் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். குலுக்கைக்கு முன்னால் நின்ற அம்மாச்சிகளிடம் உட்கார்ந்து பேசிப் பார்க்க ஒரு பெண்ணை அனுப்பலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த மருந்துக்குத் தமிழில் அம்மைப்பால் என்று பெயர் வந்தது. பின்னாளில் கிண்டி கிங் நிலையத்தில் கன்றுகளின் தோலில் வளர்த்து எடுத்தார்கள். அம்மைப்பால் என்ற சொல்லை நான் அகராதியில் முதலில் பார்த்தபோது அதைத் தாய்ப்பால் என்றே வாசித்தேன். தவறாக வாசித்தேன் என்று இப்போதும் தோன்றவில்லை.

*

1967இல் உலக சுகாதார நிறுவனம் ஒழிப்புத் திட்டத்தைத் தீவிரப்படுத்தியது. உறைய வைத்து உலர்த்திய மருந்து வந்தது, வெயிலில் கெடாது. நுனி இரண்டாகப் பிளந்த ஊசி வந்தது, ஒரு சொட்டைத் தொட்டுப் பதினைந்து குத்துக் குத்தினால் போதும், ஒரே நாளில் யாருக்கும் கற்றுக்கொடுக்கலாம். எல்லோருக்கும் குத்துவதைவிட, நோய் எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்து அதைச் சுற்றி வளையமாகக் குத்துவது என்ற முறை வந்தது. பெரியம்மை மனிதரை விட்டால் வேறு உயிரில் தங்காது, அறிகுறி இல்லாமல் ஒளிந்தும் இருக்காது. முகத்திலேயே தெரிந்துவிடும். முகத்தில் தெரிந்ததால்தான் அதை ஒழிக்க முடிந்தது.

1974இல் இந்தியாவில் மட்டும் சுமார் 1,88,000 பேருக்கு நோய் கண்டது, பெரும்பாலும் பீகாரிலும் அதைச் சுற்றியும். ஊழியர்கள் நோயாளியின் படம் போட்ட அட்டையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "இப்படி யாரையாவது பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். தகவல் சொன்னால் பணம், கடைசியில் ஆயிரம் ரூபாய் வரை. இந்த வெற்றிக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. இரவில் வீடு புகுந்து, மறுத்தவர்களைப் பிடித்து அமுக்கிக் குத்தியதைப் பற்றி அதில் இருந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். பால் கிரீனோ போன்ற வரலாற்றாளர்கள் ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். அப்படி அமுக்கப்பட்ட பெண்ணின் இடத்தில் நின்று பார்க்கிறேன். பெரியம்மாவின் இடத்திலும் நின்று பார்க்கிறேன். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நிற்க முடியவில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. அம்மாச்சியிடம் யாராவது பொறுமையாக, அவர் மொழியில், அவர் பயத்தைக் கேட்டுப் பேசியிருந்தால், குலுக்கை மூடியைத் திறக்கப் பலாத்காரம் தேவைப்பட்டிருக்காது.

1975 மே 24. இந்தியாவில் பதிவான கடைசி நோயாளி சாய்பான் பீபி. வங்கதேசத்திலிருந்து வந்து அஸ்ஸாமின் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்தில் பிச்சை எடுத்துப் பிழைத்த வீடற்ற பெண். அதே ஆண்டு அக்டோபரில் வங்கதேசத்தின் போலா தீவில் குராலியா என்ற கிராமத்தில் ரஹீமா பானு என்ற குழந்தை. கொடிய வகைப் பெரியம்மை இயற்கையாகத் தொற்றிய கடைசி மனித உடல் அவளுடையது. அதை அதிகாரிகளுக்குச் சொன்னவள் பில்கிசுன்னிசா என்ற எட்டு வயதுச் சிறுமி. 250 டாக்கா பரிசு பெற்றாள். உலகின் மிகப் பழைய கொலைகாரர்களில் ஒருவரைக் காட்டிக்கொடுத்த விரல் அது.

ரஹீமா பானு பிழைத்தார், வளர்ந்தார், கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகள் பெற்றார். தன் தழும்புகளால் பட்ட அவமானத்தையும் விடாத வறுமையையும் அண்மையில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தாயின் இடுப்பில் அவர் இருக்கும் படம் உலகமெல்லாம் அச்சானது. நோயை ஒழித்த உலகம், தழும்பைப் பார்க்கும் கண்ணை ஒழிக்கவில்லை.

1977 அக்டோபரில் சோமாலியாவில் அலி மாவ் மாலின் என்ற மருத்துவமனைச் சமையல்காரர், இயற்கையாகத் தொற்றிய கடைசி மனிதர். பிழைத்து, பின்னாளில் போலியோ சொட்டு மருந்துக்காக ஊர் ஊராகப் பேசினார். 1978இல் பர்மிங்ஹாமில் ஜேனட் பார்க்கர் என்ற நாற்பது வயதுப் புகைப்படக்காரர். அம்மை வைரஸ் ஆராய்ச்சி நடந்த கட்டடத்தில், அதற்கு மேல்மாடியில் வேலை பார்த்தவர். அந்த ஆய்வுக்கூடத்து வைரஸ் அவரைத் தொற்றி, செப்டம்பர் 11 அன்று இறந்தார். இந்த நோயில் இறந்த கடைசி ஆள் அவர். 1980 மே 8 அன்று பெரியம்மை ஒழிந்தது என்று உலகம் அறிவித்தது.

எனக்கு அப்போது ஒரு வயது. என் மேற்கையில் ஒரு வட்டத் தழும்பு உண்டு. அதை ரொம்ப நாள் அம்மை குத்திய தழும்பு என்றே நினைத்திருந்தேன். அது காசநோய்க்கான பி.சி.ஜி. என் அம்மாவின் கையில் இரண்டு பெரிய வட்டங்கள் உண்டு, அவைதான் அம்மை குத்தியவை. மூத்தவளுக்கு நடந்ததைப் பார்த்த அம்மாச்சி, இளையவளைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் குத்தவைத்தது. பெரியம்மாவின் கைகள் இரண்டும் வழவழவென்று இருக்கும்.

*

இனி எழுதப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

என் கல்யாணம் சாத்தூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மணமேடையில் குடும்பப் படம் எடுக்கும் நேரம். பெரியம்மா தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என் அப்பாவின் காதில் ஏதோ சொன்னார். அப்பா வந்து பெரியம்மாவிடம், "மதினி, பந்தியில ஆள் இல்ல, கொஞ்சம் பாருங்க" என்றார். பந்தியில் ஆள் இருந்தது எனக்குத் தெரியும். பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் கேமராவைப் பார்த்தேன்.

அப்போது நான் முனைவர் பட்டம் முடித்தவள். பெண்ணுடல் பற்றிக் கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்தவள். முதல் கவிதைத் தொகுப்பு வந்திருந்தது.

ஆல்பத்தில் இருநூறுக்கும் மேல் படங்கள். எதிலும் பெரியம்மா இல்லை. ஒன்றே ஒன்றில் ஓரத்தில் தாம்பாளமும் அதைப் பிடித்திருக்கும் கையும் மட்டும் விழுந்திருக்கிறது. வெட்டுப்பட்டது போக மிஞ்சியது. சாரா நெல்ம்ஸின் கைப் படத்தைப் பார்த்த நாளில் எனக்கு ஏன் அப்படி உடம்பு நடுங்கியது என்று இப்போது உங்களுக்குப் புரியும். வரலாறு பெண்களின் கையை எடுத்துக்கொண்டு முகத்தை விட்டுவிட்டது என்று ஜென்னரின் மீது குற்றம் சொல்ல எனக்கு எளிதாக இருந்தது. அதே வேலையை என் ஆல்பத்தில் நானே செய்திருந்தேன்.

2021 ஏப்ரல். கொரோனா தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்தில் முகாம். எங்கள் தெருவில் பலர் பயந்துபோய் வீட்டுக்குள் இருந்தார்கள். ஊசி போட்டால் செத்துப்போவார்கள் என்று வாட்ஸப் சொல்லிக்கொண்டிருந்தது. எழுபத்து நான்கு வயதில் பெரியம்மா நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, "வா தாயி போவோம்" என்று கிளம்பினார். போகிற வழியில் ஒவ்வொரு வாசலிலும் நின்றார். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. முகக்கவசத்தைக் கீழே இறக்கித் தன் முகத்தைக் காட்டினார்.

"எனக்குக் குத்தல. பாத்துக்கோங்க."

அவ்வளவுதான். மூன்று பெண்கள் எங்கள் பின்னால் வந்தார்கள். சில மெல்லிய சொற்களால் அமைவது அம்மை என்று நான் இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன்.

செவிலியர் ரவிக்கைக் கையை ஏற்றச் சொன்னபோது பெரியம்மா வெட்கப்பட்டார். ஊசி இறங்கியபோது கண்ணை மூடவில்லை. அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். பதினைந்து வருஷமாகச் சுமந்ததை அங்கேதான் இறக்கி வைக்கத் துணிந்தேன்.

"பெரியம்மா, கல்யாணத்தன்னைக்கு ஒங்களப் பந்திக்கு அனுப்பினாங்கல்ல..."

அவர் ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"தெரியும் தாயி. நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. அப்படியே இருந்தோம். அடுத்த பெயரைக் கூப்பிடும் சத்தம் உள்ளேயிருந்து வந்தது. நான் கைபேசியை எடுத்து ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். யோசித்தார். முகக்கவசத்தை முழுவதுமாகக் கழற்றி மடியில் வைத்தார். முந்தானையைச் சரிசெய்து, பார்வை இருக்கும் கண்ணை என் பக்கம் திருப்பினார்.

மறு வருஷம் பெரியம்மா போய்விட்டார். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. அடுத்த முறை எண்வகை வனப்பு நடத்தும்போது, பின்வரிசையில் யாராவது சிரித்தால், அதைக் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.